ஓட்டிப் பார்த்தது

சைக்கிள் சாமான், ஓட்டிப் பார்த்தது. சுங்கப் படிவத்தில் என் தம்பி எழுதியது இந்த நான்கே வார்த்தைதான். அதற்காக நான் இருபத்தாறு நாள் அலைந்தேன்.

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து பார்சல் அனுப்பும்போது என்ன எழுதுகிறார்கள்? புதியது என்று எழுதுகிறார்கள். சிலர் அன்பளிப்பு என்று எழுதுகிறார்கள். சுங்கத்தில் ஒரு முத்திரை குத்தி, தீர்வையை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் இவன் எங்கள் அப்பாவின் பிள்ளை அல்லவா? அப்பா நடத்திய சைக்கிள் கடையைத்தான் இப்போது நான் நடத்துகிறேன். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஓட்டிப் பார்க்காத சாமானை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கம்பெனி சீலோடு வந்தாலும் டப்பாவைப் பிரித்து, அவர்கள் வைத்த கிரீஸைத் துடைத்து, நம் கிரீஸை வைத்து, ஏதாவது ஒரு வண்டியில் மாட்டித் தெருக்கோடி வரைக்கும் போய்வந்த பிறகுதான் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அதை என் கடைக்குள் செய்கிறேன். கடல் தாண்டி உட்கார்ந்து செய்துவிட்டு, அதைப் படிவத்திலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் முற்றிப்போகவில்லை.

சாமான் ஒரு கியர் ஹப். பின்சக்கரத்தின் நடுவில் குண்டாக உட்கார்ந்திருக்கும், உள்ளே மூன்று கியர். கணக்கு டீச்சரின் வண்டிக்காக அவனிடம் கேட்டிருந்தேன்.

டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே நடக்க வராது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். பதினோரு வீடு. அதில் ஆறு வீடு மேட்டுத் தெருவில் இருக்கின்றன. கியர் இல்லாமல் அந்த மேட்டில் கையால் ஏற முடியாது. பிள்ளைகளைத் தன் இடத்துக்கு வரச் சொல்லவும் வழியில்லை. தங்கை வீட்டில் ஒரே ஒரு அறையில் இருக்கிறார், தங்கையின் புருஷனுக்குப் பிள்ளைகள் சத்தம் ஆகாது.

அந்த வண்டியின் ஹப்பை உடைத்தது நான்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "லேசா சத்தம் வருதுக்கா, பாருங்களேன்" என்று கொண்டுவந்தார். கழற்ற வராத நட்டுக்கு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. ஸ்பேனரில் ஒரு நீளப் பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தேன். டிக் என்றது. உள்ளே அச்சு இரண்டாகப் போய்விட்டது.

அந்த மாதிரி ஹப்பைக் கம்பெனிக்காரன் நிறுத்திப் பத்து வருஷமாகிறது. தெரிந்த கடை, தெரியாத கடை, பழைய இரும்பு வாங்குகிறவர்கள் என்று எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. அப்போதுதான் தம்பி நினைவுக்கு வந்தான். அவன் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். போன புதிதில் குப்பையில் கிடந்த உருப்படிகளைப் பொறுக்கி, தனக்கென்று ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டான். அதில் இதே ஹப். ஒரு வாஷர் கிடைக்கவில்லை என்று பால் பவுடர் டப்பாவின் நீல மூடியை வெட்டிப் போட்டுவிட்டு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பி ஒரு வாரம் பீற்றிக்கொண்டான். அந்தப் போட்டோவைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நானும் காட்டினேன். அதனால் எங்கே கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று போன் செய்தேன்.

"பாக்கறேன்க்கா" என்றான். நான்காம் நாள், "கிடைச்சுடுச்சு, அனுப்பிட்டேன்" என்றான்.

அது வந்து சேர்வதற்குள் டீச்சரின் பதினோரு வீடு எட்டாகிவிட்டது. ஆட்டோவில் போய்ப் பார்த்தார். ஆட்டோவில் ஏற ஒருவர் தூக்க வேண்டும், இறங்க ஒருவர் தூக்க வேண்டும். டீச்சருக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்றால் சாதாரணமாக இல்லை, தூக்குகிற நேரம் முழுவதும் எதிரே இருக்கிற சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எந்தத் தாய் தகப்பன் காத்திருப்பார்கள்? இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் ஒரு வீடும் மிஞ்சாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சுங்க அலுவலகத்தில் நான்காம் ஜன்னல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கே என்று தேடுகிற அதிகாரி ஒருவர். கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன். என் பார்சல் பிரித்துவைக்கப்பட்டிருந்தது. ஒரு பிஸ்கட் டின், அதற்குள் ஒரு பழைய பனியன், பனியனுக்குள் ஹப். பளபளவென்று துடைத்திருந்தான் படுபாவி. கம்பெனி டப்பா இல்லை, பில் இல்லை.

"இது பழசும்மா" என்றார். "பழைய சைக்கிள் சாமானை விட முடியாது. அனுமதி இல்லை."

"புதுசுதான் சார். எங்க வழக்கம் அது, பிரிச்சு வேற கிரீஸ் வெச்சு ஓட்டிப் பாத்துத்தான் கொடுப்போம்."

"ஓட்டினா அது பழசு."

"மூணு நாள் ஓட்டினாலா?"

"மூணு நிமிஷம் ஓட்டினாலும்தான்" என்று சொல்லி ஹப்பை விரலால் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "பாருங்க, புதுசு இப்படிச் சுத்தாது, இறுக்கமா இருக்கும். இது நல்லாப் பழகின சாமான்."

நன்றாகச் சுற்றுகிறது என்பதற்காக ஒரு சாமானைப் பிடித்துவைத்த கதையை நீங்கள் எங்கேயாவது கேட்டதுண்டா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா அப்படி எழுதினே?"

"ஓட்டிப் பாத்தேன்ல, அதான் எழுதினேன்."

"புதுசுன்னு எழுதித் தொலைச்சா உன் கை என்ன உளுத்தா போயிடும்?"

பின்னால் ஏதோ வண்டிகளின் இரைச்சல். "எங்கடா நிக்கறே?"

"பஸ் ஸ்டாப்ல."

"சைக்கிள் என்னாச்சு?"

"பனிக்கா. ரோடெல்லாம் வழுக்குது."

"சரி, பில்லையாவது அனுப்பு."

"தேடறேன்க்கா."

தேடினான், தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். பில் வரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்றான். அதுவும் எரிச்சலாக இருந்தது. திருப்பி ஒரு வார்த்தை பேசினால்தானே சண்டை போட முடியும்?

இரண்டாவது வாரம் பில் இல்லாமலே மதிப்புப் போட ஒத்துக்கொண்டார்கள். அதற்கே மூன்று ஜன்னல், ஐந்து கையெழுத்து. ஹப் என்பது சைக்கிள் பாகமா, இயந்திரத்தின் பல்சக்கரமா என்று இரண்டு பேர் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைக் கழித்தார்கள். சைக்கிள் பாகம் என்றால் ஒரு எண், பல்சக்கரம் என்றால் வேறு எண், எண் மாறினால் தீர்வை மாறும். நான் வாசலில் நின்று, "சார், சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஏதாவது ஒண்ணா ஆக்கிடுங்க" என்று கெஞ்சினேன். கடைசியில் சைக்கிள் பாகம்தான் என்று ஆயிற்று.

தீர்வைச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். என்னோடு வந்திருந்த டீச்சர் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்கு நான்கு படி. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று காவலாளி சொன்னதும், "நான் இங்கேயே இருக்கேன்க்கா, சீட்டைக் கொண்டுவாங்க" என்று சொல்லியிருந்தார்.

சீட்டைப் பார்த்தார். சாமானின் மதிப்பு, அதோடு கப்பல் கூலி, அதோடு காப்பீடு. இந்த மொத்தத்துக்குத் தீர்வை. அந்தத் தீர்வைக்கு மேல் ஒரு கூடுதல் வரி. எல்லாவற்றையும் கூட்டி அதற்கு மேல் இன்னொரு வரி. எனக்குத் தலை சுற்றியது. டீச்சர் பென்சிலால் ஓரத்தில் இரண்டு கோடு போட்டார்.

"கூடுதல் வரி தீர்வைக்கு மட்டும்தான்னு இவங்களே அடியில எழுதியிருக்காங்க. ஆனா மொத்த மதிப்புக்கும் போட்டிருக்காங்க. திருப்பிப் போடச் சொல்லுங்கக்கா."

கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மூன்று தடவை கூட்டினார். டீச்சர் சொன்னதுதான் சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப பணத்தைக் கட்டிட்டு எடுத்துக்கறேன் சார்" என்று பையைத் திறந்தேன்.

"இது புதுசா இருந்தா கட்ட வேண்டிய தீர்வைம்மா" என்றார் அவர். "புதுசுன்னு நான் இன்னும் ஒத்துக்கலையே."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் அவரே குரலைத் தணித்துக்கொண்டு இன்னொரு வழி சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை, நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். உடல் ஊனமுற்றோர் வண்டிக்கான பாகம் என்று தனிப் படிவம் ஒன்று இருக்கிறதாம். அதில் எழுதிக் கொடுத்தால் பழசு புதுசு பார்க்கமாட்டார்களாம், தீர்வையும் கிடையாதாம். வண்டியின் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு, டாக்டர் சர்டிஃபிகேட் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

துள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். டீச்சர் படிவத்தை வாங்கி முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்னோடது சைக்கிள்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? பேப்பர்லதான டீச்சர்?"

"பேப்பர்லதான் எழுதினாங்க" என்றார். "ஸ்கூல் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டேன். எல்லாரையும்விட மார்க் ஜாஸ்தி. மேல சிவப்பு மையில அந்த ஒரே வார்த்தையை எழுதித் திருப்பி அனுப்பினாங்க. பாடம் நடத்தச் சொல்லிக்கூடப் பாக்கல. அன்னிக்கு முடிவு பண்ணினேன், அந்த வார்த்தைக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு."

வண்டியை உடைத்தவள் நான். "நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். இது புதுசுன்னு நான் நிரூபிக்கறேன்" என்று மார்தட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நாக்குத் தள்ளிவிட்டது. மேலதிகாரி விடுமுறையில் இருந்தார். விடுமுறை முடிந்து வந்தவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். கிடங்கு வாடகை தனியாக ஏறிக்கொண்டிருந்தது. முப்பது நாளுக்குள் தீராவிட்டால் சாமானை அழித்துவிடுவார்கள் என்று ஒரு கடிதம் வீட்டுக்கே வந்தது. மேட்டுத் தெருவில் எல்லா வீடும் போய், கீழே நான்கு வீடுதான் டீச்சருக்கு மிச்சம். தம்பியைக் கூப்பிட்டால் எப்போது பார்த்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "எதுக்குடா இப்படி இரைக்கறே?" என்றால், "நடந்துட்டிருக்கேன்க்கா" என்பான். ஊர்ப்பட்ட வேலையைப் போட்டுவிட்டு நான் அலைகிறேன், இவன் காற்று வாங்க நடக்கிறான் என்று அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இருபத்தாறாம் நாள் கண்ணாடிக்காரரிடம் முடிவாகச் சொன்னேன். "சார், உங்க கண் முன்னால திறந்து காட்டறேன். உள்ள சின்னச் சின்னப் பல்சக்கரம் இருக்கும். புதுசுன்னா பல்லு மேல கறுப்புப் பூச்சு அப்படியே இருக்கும். ஓடித் தேஞ்சிருந்தா வெள்ளையாத் தெரியும். ரெண்டுல ஒண்ணு இன்னிக்குத் தெரிஞ்சு போகட்டும்."

அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. மேலே கேட்டுவிட்டுச் சரி என்றார்.

அன்றைக்கு டீச்சர் உள்ளே வருகிறேன் என்றார். இரண்டு காவலாளிகள் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கினார்கள். நான்கு படிக்கும் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே வந்து இறக்கியதும், "தேங்க்ஸ்" என்றார். அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

சோதனை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தேன். இந்தத் தடவை ஆத்திரப்படவில்லை. நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிற்று. கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நட்டு தானாகவே இளகிவந்தது. மூடியைத் திருப்பி, அச்சை மெல்ல உருவினேன். எங்கள் கடைக் கிரீஸைப் போலவே, எங்கும் வழியாமல், எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்திருந்தான். ஒரு வாஷர் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணியால் துடைத்தேன்.

நீலம்.

ஓரத்தில் பால் பவுடர் டப்பாவின் எழுத்தில் அரை எழுத்துகூட இருந்தது.

பல்சக்கரத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. அவன் சைக்கிளிலிருந்து கழற்றி அனுப்பியிருக்கிறான். கடையில் தேடினானோ, கிடைக்கவில்லையோ, கிடைத்தும் வாங்கக் காசில்லையோ. மாதாமாதம் இங்கே பணம் அனுப்பியதுபோக அவனிடம் என்ன மிஞ்சும் என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? பஸ் ஸ்டாப், மூச்சிரைப்பு, வராத பில். புதுசு என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான்தான் ஜன்னல் ஜன்னலாகப் போய்ச் சொன்னேன். இருபத்தாறு நாளாக அந்தக் கழுதையைத் திட்டித் தீர்த்திருக்கிறேன், அவன் நடந்துகொண்டே கேட்டிருக்கிறான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதோடு அவன் மேல் வந்த கோபத்தையும் சொல்லியாக வேண்டும், எதிரே இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

"என்னம்மா?" என்றார் கண்ணாடிக்காரர். "புதுசா, பழசா?"

பல்லெல்லாம் கிரீஸுக்குள் இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவள் வாயைத் திறந்து புதுசு என்று சொன்னால் எழுதிக்கொள்ளத்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என் கையில் இருந்த நீல வாஷரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டோவை அவரிடமும்தான் நான் காட்டியிருந்தேனே.

குனிந்து அவர் காதோரம், "புதுசுன்னே சொல்லிடறேன் டீச்சர்" என்றேன்.

"வேணாம்க்கா" என்றார். "உங்க தம்பியே அதை எழுதல. நீங்க எதுக்குச் சொல்லணும்?" அப்புறம் நிமிர்ந்து, "சார், அந்த இன்னொரு ஃபாரத்தைக் கொடுங்க" என்றார்.

"டாக்டர் சர்டிஃபிகேட் வேணும்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

டீச்சர் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பு நைந்து போயிருந்தது. எத்தனை நாளாக அது அந்தப் பைக்குள் இருந்ததோ, நான் கேட்கவில்லை. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி முத்து முத்தாக எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். அந்த வார்த்தைக்குக் கீழே வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் முத்திரையைக் குத்திவிட்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது காவலாளிகள் மறுபடி தூக்கினார்கள். "இதுதான் கடைசி" என்று டீச்சர் அவர்களிடம் சொன்னார்.

கடைக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"நீல வாஷர் பாத்தேன்டா" என்றேன்.

"திறந்தியா? அதுதான் அதுல ஸ்ட்ராங்கான பார்ட்டுக்கா" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவே. டீச்சர் எப்படிப் போவாங்க?"

"நீ எப்படிடா போறே?"

"பஸ்ஸுக்கு ஒரு அரை மணி நேரம் நடக்கணும், அவ்ளோதான். சின்னப் பையனா நானு?"

அதற்குமேல் நான் பேசியதில் பாதி திட்டு, பாதி அழுகை. எது எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாது. அவன் வழக்கம்போல, "சரிக்கா, சரிக்கா" என்றான்.

அன்று சாயங்காலமே சக்கரத்தைக் கோர்த்து வண்டியில் மாட்டினேன். அப்பாவின் சட்டப்படி முதலில் நான் உட்கார்ந்து, மேட்டுத் தெருவில் கையால் சுற்றி ஏறிப் பார்த்தேன். பாதி மேட்டில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. இதைத்தான் டீச்சர் வருஷக்கணக்காகத் தினமும் செய்கிறார். வண்டியை அவரிடம் கொடுத்தேன். மறுநாளே பழைய வீடுகளின் வாசலில் போய் மணியடித்தார். மூன்று வீடு உடனே திரும்பிவந்தது. பரீட்சைக்கு முன்னால் இன்னும் இரண்டு.

தம்பிக்கு ஒரு ஹப் வாங்கினேன். மூன்று கியரெல்லாம் இல்லை, இங்கே எங்கும் கிடைக்கிற சாதாரண ஹப், ஆனால் நல்ல கம்பெனி. டப்பாவைக் கையில் எடுத்ததும் சீலைக் கிழிக்க விரல் தன்னால் போயிற்று. வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார். என் வாழ்நாளில் முதல் தடவையாக, பிரிக்காமல், துடைக்காமல், ஓட்டிப் பார்க்காமல் ஒரு சாமானைக் கொடுத்தேன். படிவத்தை டீச்சர்தான் நிரப்பினார். புதியது, அன்பளிப்பு, மதிப்பு இவ்வளவு. பில்லையும் உள்ளே வைத்து ஒட்டினோம். இனி ஒரு பயல் வாயைத் திறக்க முடியாது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மூன்றாவது வாரம் போன் வந்தது. டீச்சர் அப்போது கடையில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றான். மூச்சு வாங்கிற்று. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான். "சாமான் வந்துடுச்சு. ஆனா இங்க சுங்கத்துல பிடிச்சு வெச்சிருக்காங்க."

"எதுக்குடா?"

"சீல்கூடப் பிரிக்காம இருக்காம். விக்கறதுக்கு வந்த சரக்காம். பழசா இருந்தா அப்பவே கையில கொடுத்திருப்பாங்களாம்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். டீச்சர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, வண்டியை என் பக்கம் உருட்டிவந்து பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எந்த நம்பர்ல தீர்வை போட்டிருக்காங்கன்னு கேளுங்கக்கா" என்றார்.